எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம்

சென்னையில் நாளிதழ் வாசிப்பவர்களுக்கு ‘மில்லியன் கன அடி’ பழகிப்போன அளவு. குடிநீர் ஏரிகளின் கொள்ளளவு அதில்தான் வரும்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. ஐந்தும் நிரம்பினால் 11,757. ஐப்பசி பிறந்துவிட்டால் இந்த ஏரிகளில் அன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பலர் முதலில் தேடுகிறார்கள். 2019 கோடையில் இந்தக் கணக்கு கிட்டத்தட்டத் தரைதட்டி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் புள்ளிவிவரமாகத் தெரியாது.

ஆனால் ஏரியில் யாரும் கன அடியை அளப்பதில்லை. மதகுக்கு அருகே அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் நிற்கும். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து ஊழியர் ஒருவர் எழுதிக்கொள்கிறார். செம்பரம்பாக்கத்தில் அது 24 அடி வரை போகும். அந்த அடியை ஓர் அட்டவணையில் பொருத்திப் பார்த்தால் கன அடி கிடைக்கும். எப்போதோ ஏரியின் தரையை அளந்து, இத்தனை அடி நின்றால் இத்தனை கொள்ளும் என்று கணக்கிட்டு வைத்த அட்டவணை அது. ஏரியில் வண்டல் சேரச் சேரத் தரை மேலே வருகிறது, அட்டவணை அப்படியே இருக்கிறது. அளவுகோல் சொல்லும் அடி சரியாக இருந்தும் நாம் வாசிக்கும் கன அடி உண்மையைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. எந்த ஆண்டு அளந்த தரையை வைத்துப் போட்ட கணக்கு என்று எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால் வாசிப்பவருக்கு அது புரிந்துவிடும்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதிவேடுகளில் கடைசியாக, ஒடுக்கமாக, பெரும்பாலும் காலியாக இருக்கும் ‘குறிப்பு’ என்ற கட்டம். நீர், மழை, பறவை, ஆமை என்று எதை அளந்தாலும், எண்ணை எழுதும் கட்டத்தைவிட அந்தக் கட்டம்தான் பின்னால் வருகிறவருக்கு அதிகம் உதவுகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

மழையை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை சென்னையில் யாருக்கும் மறக்காது. அந்தப் பெருமழையின் அளவைப் பதிவுகளில் தேடினால் டிசம்பர் 2 என்ற தேதியில்தான் கிடைக்கும். வானிலை ஆய்வு மையத்தின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. முந்தைய நாள் 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்தது இன்றைய தேதியில் ஏறும். இது தெரியாமல் டிசம்பர் 1ஆம் தேதி மழையையும் அன்று ஆற்றில் ஓடிய வெள்ளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெள்ளத்துக்கும் மழைக்கும் தொடர்பே இல்லை என்றுகூட ஒருவர் நிறுவிவிடலாம்.

இடமும் அப்படித்தான். அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29. ‘சென்னையில் பெய்த மழை’ என்று ஒற்றை எண்ணாகச் சொன்னால் எதைச் சொல்வது? அடையாற்றுக் கரையில் வீட்டைப் பறிகொடுத்தவரின் கதையை நுங்கம்பாக்கத்து எண் சொல்லாது. மழைமானி வைக்கும் இடத்துக்கே விதி உண்டு. வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மரமோ சுவரோ பக்கத்தில் இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். மொட்டை மாடியில் வைத்து அளக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாடியில் காற்று துளிகளைத் தள்ளிக்கொண்டு போவதால் கொஞ்சம் குறைவாகத்தான் விழும். அதனால் அவர்களின் உழைப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ‘மூன்றாம் மாடி, கிழக்கே தண்ணீர்த் தொட்டி’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, அதே இடத்தில் தொடர்ந்து அளந்தால் அதுவும் நல்ல தரவுதான்.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னை மண்ணிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன், முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளப்பதற்கு அடிப்படையான ஓர் அடிக்கோட்டை, பரங்கிமலைக்கு அருகே தொடங்கி பெரும்பாக்கம் வரை அளக்க ஆரம்பித்தார். நீளம் ஏழரை மைல். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். பின்னாளில் எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டது வரை அந்த வேலை நீண்டது. அளந்த கருவி 100 அடி நீள எஃகுச் சங்கிலி. சித்திரை வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பெட்டிகளில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டார்கள். ஒரு டிகிரி பாரன்ஹீட் ஏறினால் நூறடிச் சங்கிலி ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குகூட நீளாது. ஆனால் அந்தத் தொலைவுக்குச் சங்கிலியை நானூறு முறை கிடத்த வேண்டும். டிகிரி ஒன்று பிசகினால் மொத்தத்தில் மூன்று அங்குலம் பிசகும். தேசத்தையே அளக்கப் புறப்பட்டவர்களுக்கு அந்த மூன்று அங்குலம் பெரிதாகப் பட்டது. நீளத்தோடு வெப்பத்தையும் எழுதினார்கள்.

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில், 1792இல் கட்டிய பழைய மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இருக்கிறது. லாம்ப்டன் 1802இல் நிர்ணயித்த மூலப்புள்ளி, அந்தத் தூணின் மையத்திலிருந்து தெற்கே 6 அடி, மேற்கே 1 அடி தள்ளி இருந்தது என்று அங்கே பொறித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டு அதுதான். அரசனின் பெயரும் இல்லை, வெற்றியும் இல்லை. நாளைக்கு யாராவது மீண்டும் அளக்க வந்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இனி எங்கள் கிணற்றுக்கு வருகிறேன். திருவான்மியூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில், வட்ட உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பழைய உறைகிணறு ஒன்று இருக்கிறது. அடுக்குமாடி வருவதற்கு முன் தனிவீடாக இருந்த காலத்தில் இறக்கியது. கடல் நடந்து போகும் தூரம்தான். இந்தக் கரையோரம் முழுவதும் மணல். மழை பெய்தால் உடனே உள்ளே இறங்கும், இறைத்தால் உடனே குறையும். வாரம் ஒருமுறை அதன் நீர்மட்டத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதுகிறேன்.

முறை எளிதானது. முனையில் சிறு இரும்புக் குண்டு கட்டிய ஸ்டீல் டேப். கடைசி நான்கடிக்கு சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். கைப்பிடிச் சுவரில் வடகிழக்கு மூலையில் சிவப்பு பெயிண்டால் ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறேன். டேப்பை இறக்கி, 20 அடிக் கோடு சரியாக அந்த அம்புமுனையில் படும்படி ஒரு கணம் நிறுத்திவிட்டு மேலே இழுக்க வேண்டும். நனைந்த இடத்தில் சாக்பீஸ் கறுத்திருக்கும். உலர்ந்த வெள்ளைக்கும் ஈரத்துக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு. அது 2 அடி 4 அங்குலத்தில் இருந்தால், 20இலிருந்து கழித்து 17 அடி 8 அங்குலம். சுவர் இரண்டரை அடி உயரம். அதையும் கழித்தால் தரையிலிருந்து 15 அடி 2 அங்குலத்தில் தண்ணீர். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்; ஆட்டம் அடங்கியபின் இரண்டாவது முறை இறக்குவேன். இரண்டும் ஒத்துவந்தால்தான் எழுதுவது.

எப்போது அளப்பது என்பதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் காவலாளி. செய்யாறு பக்கத்துக்காரர். ஒருநாள் டேப்போடு போய் நின்றபோது தடுத்தார். “இப்போது வேண்டாம் அம்மா. இப்போதுதான் மோட்டாரை நிறுத்தினேன். ஊறி மேலே வர ஒரு மணி நேரமாவது ஆகும்.” எவ்வளவு ஊறும் அண்ணா என்று கேட்டேன். “கோடையில் ஓர் உறை. மழைக்காலத்தில் நிறுத்தியதும் நிரம்பிவிடும்” என்றார். நிலத்தடி நீரியல் படித்தவர்கள் இதை வைத்து மண்ணின் நீர்விடும் திறனையே கணக்கிடுவார்கள். அன்றிலிருந்து மோட்டார் போடுவதற்கு முன், விடியற்காலையில் அளக்கிறேன். பக்கத்துக் கட்டடத்து ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் குறிப்புக் கட்டத்தில் ஏறும்.

சென்னையில் கிணற்று நீரை யாரும் அடியில் சொல்வதில்லை. “மூன்று உறை நிற்கிறது” என்பார்கள். காவலாளிக்கும் அதுதான் கணக்கு. 2015 மழையில் மேலிருந்து இரண்டாவது உறை வரை வந்தது என்கிறார். 2019 மே மாதத்தில் கடைசி உறையின் அடிச்சுவர் தெரிந்தது என்கிறார். உறை ஒன்றின் உயரத்தை அளந்துகொண்டேன். மேலிருந்து எத்தனை உறை என்று எண்ணிக்கொண்டேன். நான் அளக்கத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு அவர் நினைவிலிருந்து இப்படிச் சில புள்ளிகள் கிடைத்தன. அவற்றை நோட்டில் வேறு மையில் எழுதி, ‘வாய்மொழி, உறைக் கணக்கு, அரை அடி கூடக் குறைய இருக்கலாம்’ என்று குறித்திருக்கிறேன். அப்படிக் குறித்ததால்தான் அவருடைய நினைவுக்கும் என் டேப்புக்கும் ஒரே பக்கத்தில் இடம் கொடுக்க முடிகிறது.

ஓர் அடி முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கடற்கரையில் அந்த ஓர் அடி மிகப் பெரிய விஷயம். கடல்நீர் கனமானது, நன்னீர் லேசானது. மணலுக்கு அடியில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. இரண்டின் எடை வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை உப்புநீர் ஒதுங்கி நிற்கும். இதை 1880களின் இறுதியில் டச்சுப் பொறியாளர் கைபெனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்கும் தனித்தனியாகச் சொன்னார்கள். அப்படியானால் மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறத் தொடங்கும். உடனே ஏறிவிடாது, மணலில் மெதுவாக நகரும். ஏறிவிட்டால் கீழே இறக்குவது பெரும்பாடு. வடக்கே மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே புகுந்துவிட்டது. அந்த நகர்வு தெரிந்ததே கிணறு கிணறாக நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து எழுதி வைத்ததால்தான்.

ஆகையால் அந்தச் சிவப்பு அம்புக்குறி எனக்கு முக்கியம். எங்கள் தெருவில் வீடு இடித்துக் கட்டும்போதெல்லாம் தரையை இரண்டடி, மூன்றடி உயர்த்துகிறார்கள். சாலை உயர்ந்துகொண்டே போகிறது, வேறு வழியில்லை. கிணற்றுச் சுவரையும் சேர்த்து உயர்த்துவார்கள். அடுத்த நாள் அளப்பவருக்குத் தண்ணீர் மூன்றடி கீழே போனதாகக் காட்டும். தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். எங்கள் கிணற்றிலும் அப்படி ஏதும் நடந்தால் கண்டுபிடிக்க, எதிரே இருக்கும் பழைய கோயில் மதிலின் அடிக்கல்லிலிருந்து அம்புக்குறி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத் தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்து எழுதி வைத்திருக்கிறேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அதே ஒளி ஊடுருவும் குழாய்தான்.

பெரிய அளவிலும் இதே தொல்லை இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின, எண்கள் மாறின. நிலத்தடி நீர்மட்டம் வார்டுவாரியாகவும் பதிவாகிறது. 2011க்கு முன்னும் பின்னும் ஒரே வார்டு எண்ணை வைத்துக் கோடு வரைகிறவர், இரண்டு வெவ்வேறு பகுதிகளை ஒட்டவைத்துவிடுவார். எந்தக் கிணறு, அதன் அட்சரேகை தீர்க்கரேகை, எந்த மணி, தரையிலிருந்தா சுவரிலிருந்தா என்று பொதுவெளியிலேயே போட்டுவிட்டால் எத்தனையோ ஆராய்ச்சி மாணவர்களின் மாதங்கள் மிச்சமாகும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. அந்த நான்கு புள்ளிகளுக்கு இடைப்பட்ட வாரங்களில் என்ன நடந்தது என்பதை நம்மைப் போன்றவர்களின் நோட்டுப் புத்தகங்கள் நிரப்பலாம்.

பறவைகளைப் பற்றிக் கொஞ்சம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேல். அங்கே பூநாரை வந்தால் கேமராக்கள் வரிசையாக நிற்கும். எனக்கும் பூநாரையைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் அந்த நீரின் ஆரோக்கியத்தைப் பற்றிக் கேட்டால், எந்நாளும் அங்கேயே கிடக்கும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் நெடுங்கால் உள்ளானும்தான் கூடுதலாகச் சொல்லும். அவற்றை எண்ணுபவர்கள் குறைவு. பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த, கேட்ட எல்லா இனங்களையும் எழுதச் சொல்கிறார்கள். பட்டியலைப் பதிவேற்றும்போது ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த அனைத்தையும் எழுதிவிட்டீர்களா? ‘ஆம்’ என்று சொன்னால் பட்டியலில் இல்லாத பறவையும் தரவாகிவிடும். காகம் சாதாரணம்தானே என்று விட்டுவிட்டு ‘ஆம்’ சொன்னால் அங்கே காகமே இல்லை என்று பதிவாகும். சிட்டுக்குருவியைப் பற்றி ஊரே வாதிட்டுக்கொண்டிருந்தபோது, இப்படிப் பொதுமக்கள் எழுதிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 2020இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. நாடு முழுவதும் பார்த்தால் குருவி பெரிதாகக் குறையவில்லை. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. குருவி இல்லாத பட்டியல்களையும் அலுக்காமல் எழுதியவர்களால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

கடற்கரைக்காரர்கள் இதை வெகுகாலமாகச் செய்கிறார்கள். 1970களில், சென்னை ஐஐடியில் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர், படிப்பைவிட ஆமைகளைத் தேர்ந்துகொண்டு இந்தியக் கரைகளைக் காலால் நடந்தே பதிவு செய்தார். 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடக்கிறது. பங்குனி ஆமை என்று அழைக்கப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமை முட்டையிட்ட குழியைக் கண்டால் இடம், நேரம், முட்டைகளின் எண்ணிக்கை, பொரிப்பகத்துக்கு மாற்றிய நேரம் எல்லாம் பதிவாகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகப் போகப் பெண்கள் கூடும். அதனால் மணலின் வெப்பமும் எழுதப்பட வேண்டிய ஒன்று. ஒன்றுமே தென்படாத இரவிலும் எங்கிருந்து எங்கு வரை நடந்தார்கள் என்பதைக் குறிக்க வேண்டும். நடக்காத இரவும் நடந்தும் காணாத இரவும் வேறு வேறு.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. மூச்சுவிட மேலே வர முடியாமல் இழுவலையில் சிக்கி மூழ்கியவை என்பதே பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருந்தும் இது நடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. அந்த உடல்களைப் பார்த்தவர்களுக்கு எண் எதற்கு, கண்ணே போதும் என்று தோன்றியிருக்கும். ஆனால் விசாரணையில் எத்தனை, எங்கே, எப்போது என்றுதான் கேட்பார்கள். நேற்று எண்ணிய உடலே இன்று அலையில் நகர்ந்து அடுத்த குப்பத்தில் கிடந்து, மறுபடியும் எண்ணப்பட்டதா? ஓட்டில் பெயிண்ட் அடையாளம் இருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு நொடியில் பதில் சொல்லலாம். இறந்த ஆமைகளில் ஒரு பகுதிதான் கரைக்கு வரும். மீதி கடலிலேயே போய்விடும். எந்தப் பகுதி வரும் என்பதைக் காற்றும் நீரோட்டமும் தீர்மானிக்கின்றன. வாடைக்காற்று ஓங்கிய வாரத்தின் நூறும், காற்று கரையை விட்டு விலகி வீசிய வாரத்தின் நூறும் ஒரே நூறல்ல.

ஜனவரியில் விடியலில் கடற்கரையில் நடப்பவர்கள் இறந்த ஆமையைக் கண்டால் கையால் தொட வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு செருப்பையோ குச்சியையோ வைத்து எடுங்கள், அளவு தெரியும். கைபேசி காட்டும் இருப்பிடம், நேரம், ஓட்டில் ஏற்கெனவே பெயிண்ட் இருக்கிறதா, காயமோ கயிறோ தெரிகிறதா, எங்கிருந்து எங்கு வரை நடந்துவந்தீர்கள், அன்று காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது. இவ்வளவையும் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.